பல் டாக்டரின் விமானம்

வலியே இல்லாத ஒரு பல்லுக்காக என்னைத் திரும்ப வரச் சொன்ன ஒரே டாக்டர் அவர்தான்.

அப்போது நாங்கள் டெக்ஸாஸில், இர்விங்கில் இருந்தோம். என் கடைவாய்ப் பல் ஒன்றை அவர் அடைத்துவிட்டு ஆறேழு மாதம் ஆகியிருக்கும். ஒரு மதியம் அலுவலகத்தில் இருந்தபோது அவரே போன் செய்தார். உதவியாளர்கூட இல்லை, அவரே.

"உங்கட எக்ஸ்ரேயைத் திரும்ப எடுத்துப் பாத்தனான். நான் அடைச்ச அடைப்பு எனக்குப் பிடிக்கேல்லை. ஒருக்கா வாங்கோ, தோண்டி எடுத்துப்போட்டு வேற வைப்பம்."

"வலிக்கவே இல்லையே டாக்டர். நல்லா மெல்ல முடியுதே."

"இப்ப வலிக்காது. வலிக்கத் தொடங்கேக்க பல்லு மிஞ்சாது. வாங்கோ."

வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்தார். "தான் செஞ்ச வேலை தப்புன்னு தானே போன் பண்ற டாக்டர்கிட்ட யாராவது மறுபடி போவாங்களா?" அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அப்படிப் போகாமல் நின்றுபோனவர்கள் நிறையப் பேர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் போனேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, லண்டனில் படித்து, டெக்ஸாஸுக்கு வந்த பெண்மணி. அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். மெலிந்த உடம்பு, குட்டையாக வெட்டிய முடி, கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். ஊசி போட்டு என் தாடை மரத்துக் கிடந்தபோது எதிர்ச்சுவரைப் பார்த்தேன். அங்கே ஒரு புகைப்படம் இருந்தது. இறக்கை இல்லாத, மூக்கும் இல்லாத ஒரு சின்ன விமானத்தின் பளபளக்கும் அலுமினிய உடல். அதற்குள்ளிருந்து டாக்டர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கண் போன திசையைக் கவனித்துவிட்டார்.

"நான்தான் கட்டுறன்," என்றார். தோசைக்கு மாவு அரைக்கிறேன் என்பது போன்ற குரல். பிறகு நாற்காலியின் கைப்பிடியில் இருந்த என் கையைத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கட கை நல்ல சின்னன். இறக்கைக்குள்ள போகும். சனிக்கிழமை வாறீங்களோ?"

வாய் மரத்துப் போயிருந்ததால் மறுப்புச் சொல்ல வழியில்லை. தலையை ஆட்டினேன். அப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்தது.

அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. தகடும் குழாயும் ஆணியும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். மீதி நம் பாடு. டென்டன் பக்கம் ஒரு சின்ன விமான நிலையத்தில் அவர் ஒரு ஹேங்கரை வாடகைக்கு எடுத்திருந்தார். ஹேங்கர் என்றால் தகரக் கொட்டகைதான். கோடையில் உள்ளே நிற்க முடியாது. அங்கே இறக்கைக்கு வெளிப்பக்கம் நின்று அவர் காற்றுச் சுத்தியலால், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியை அடிப்பார். நான் இறக்கையின் உள்ளே கையை விட்டு, ஆணியின் மறுமுனையில் ஒரு இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் அந்த வேலை நடக்காது. நான்கு சனிக்கிழமை போனபின் 'டாக்டர்' போய் 'அக்கா' ஆகிவிட்டார்.

ஒரு நாள் காலை முழுக்க ஒரு நீள வரிசையை முடித்தோம். எனக்குத் தோள் இற்றுப் போயிருந்தது. அக்கா பின்னால் தள்ளி நின்று பார்த்தார். குனிந்து பார்த்தார். விரல் நுனியால் ஒவ்வோர் ஆணியாகத் தடவிக்கொண்டே போனார்.

"கழட்டிப் பாப்பம்," என்றார்.

"எதை அக்கா?"

"முழுக்க. தகடு கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிருக்கு. ஆணி பிழையில்லை, நான் துளை போட்டதுதான் பிழை."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு ஒரு சலனமும் இல்லை. துளைக்கருவியை எடுத்து, காலையில் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தார். தலைகள் ஒவ்வொன்றாகத் தெறித்துத் தரையில் உருண்டன. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தன்மேல் கோபமோ, போன உழைப்பை நினைத்து வருத்தமோ அங்கே இல்லை. பிழை விட்ட ஒருவரும் அதைத் திருத்தும் ஒருவருமாக இரண்டு பேர் அவருக்குள் இருந்து, இருவரும் நல்ல சிநேகிதமாக இருந்தது போல எனக்குத் தோன்றியது.

அவர் எல்லா இடத்திலும் அப்படித்தான். எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒரு வருடம் குழந்தைகளின் பல்லைப் பற்றிப் பேசினார். நல்ல கைதட்டல். அடுத்த வருடம் நிகழ்ச்சி நிரலில் இல்லாமலே மேடையேறி, ஒலிவாங்கியைப் பிடித்து, "போன வருஷம் நான் சொன்னதில ஒரு விஷயம் பிழை," என்று தொடங்கினார். பரதநாட்டியத்துக்குக் காத்து நின்ற பிள்ளைகள் சலங்கையோடு நெளிந்தார்கள். செயலாளர் கடிகாரத்தைக் காட்டினார். அவர் முழுவதையும் திருத்திச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். கீழே ஒரு அம்மா என் காதில், "இதுக்கெல்லாமா மேடை ஏறுவாங்க?" என்றார். எனக்கும் அன்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அவர் கணவர் கணக்காளர், அமைதியானவர். சனிக்கிழமை மதியம் புட்டும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஹேங்கர் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். விமானத்தை ஒரு நாளும் தொட்டதில்லை. ஊருக்குப் போகும் பெரிய விமானத்தில்கூட மாத்திரை போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பவர். "இவ கட்டி முடிக்கமாட்டா," என்று என்னிடம் ரகசியமாகச் சொல்வார். "அதுதான் எனக்குள்ள ஒரே ஆறுதல்."

ஆனால் அக்கா கட்டி முடித்தார். அதிகாரி வந்து சோதித்தார். சட்டப்படி தனியாகப் பறந்து காட்ட வேண்டிய நேரத்தையெல்லாம் பறந்து முடித்தார். விமானம் வானத்தில் ஒரு குறையும் இல்லாமல் போய்வந்தது. அந்த வசந்தத்தில் ஆஸ்டினில் படித்துக்கொண்டிருந்த அவர்கள் மகளுக்குப் பட்டமளிப்பு. எந்த நேரத்தில் மனம் மாறினாரோ தெரியாது, அதற்கு விமானத்திலேயே போகலாம் என்று கணவர் ஒப்புக்கொண்டுவிட்டார். சின்னதாக ஒரு பையும் வாங்கி வைத்தார்.

அப்போதுதான் அக்காவுக்கு மூன்றாம் சிலிண்டர் பிடிக்காமல் போனது.

இன்ஜினில் நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றின் சூட்டையும் காட்டும் கருவி முன்னால் இருக்கும். மூன்று ஒரே மாதிரி இருக்க, ஒன்று மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சுட்டது. ஆபத்தான அளவு ஒன்றுமில்லை. பக்கத்து ஹேங்கரில் ஓய்வு பெற்ற ஒரு விமானி இருந்தார். வெள்ளைக்காரர், தானும் ஒரு விமானம் கட்டிப் பல வருடமாகப் பறப்பவர். அவர் வந்து கருவியைப் பார்த்து, "நல்லா பறக்குதில்ல டாக், விட்டுடுங்க," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா என்னை விமானத்தின் மூக்குக்கு அடியில் கூட்டிப்போய்க் காட்டினார். இன்ஜினுக்குக் காற்று வேண்டும். அது மூக்குக்குக் கீழே ஒரு வாயில் நுழைந்து, வடிகட்டியைத் தாண்டி, ஒரு பெட்டிக்குள் சட்டென்று மேலே திரும்பி, பெட்ரோலோடு கலக்கும் கார்புரேட்டருக்குப் போகிறது. அந்தத் திருப்பத்தில் காற்று சுழல்கிறது. சுழல்வதால் பெட்ரோல் நாலு பக்கமும் சமமாகப் போகவில்லை. குறைவாகக் கிடைக்கிற சிலிண்டர் சுடுகிறது. இதுதான் அவர் எண்ணம்.

"இந்தப் பெட்டியைக் கழட்டிப்போட்டு, மெதுவா வளையிற மாதிரி ஒரு குழாய் செய்யவேணும்."

"பட்டமளிப்புக்கு அப்புறம் செய்யலாமே அக்கா?"

"பிழை எண்டு தெரிஞ்ச பிறகு இவரை எப்பிடி ஏத்துறது?"

இவ்வளவு பெரிய மாற்றம் செய்தால் சட்டப்படி மறுபடியும் சில மணி நேரம் தனியாகப் பறந்து காட்ட வேண்டும். அதுவரை வேறு யாரையும் ஏற்றக் கூடாது. கணவர் அதைக் கேட்டு நாற்காலியில் சாய்ந்தார். நிம்மதியா எரிச்சலா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். "நான் பையும் வாங்கிட்டன்," என்று மட்டும் சொன்னார்.

பல் டாக்டர்களுக்கு அச்செடுப்பது தண்ணீர் பட்ட பாடு. அக்கா நுரைக்கட்டியைச் செதுக்கிக் குழாயின் வடிவத்தைச் செய்தார். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் நனைத்துச் சுற்றினார். காய்ந்ததும் நுரையைச் சுரண்டி எடுக்க, உள்ளே கூடான குழாய் மிஞ்சியது. வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தக் குட்டிக் கண்ணாடியை வளைவுக்குள் விட்டு, குமிழி இருக்கிறதா என்று ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தார். பிறகு இன்ஜினுக்கு மிக அருகில் குழாயில் ஒரு சின்னக் கதவு வைத்தார். விமானியின் முன்னால் உள்ள ஒரு பிடியை இழுத்தால் அது திறந்து, குழாய் வழியாக வராமலே, இன்ஜினைச் சுற்றியுள்ள மூடிக்குள் இருக்கிற காற்றை இன்ஜின் எடுத்துக்கொள்ளும்.

பக்கத்து ஹேங்கர்க்காரர் அதையும் பார்த்தார். அந்தக் கதவு வீண் எடை என்றார். வடிகட்டி பனியில் அடைத்துக்கொள்கிற ஊர்க்காரர்களுக்குத்தான் அது தேவை, டெக்ஸாஸில் எதற்கு?

"பனிக்கில்லை," என்றார் அக்கா. "எனக்கு."

எனக்குப் புரியவில்லை. அவரும் விளக்கவில்லை.

பட்டமளிப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. தனியாகப் பறக்கிற நேரத்தை அதற்குள் முடித்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். ஒரு சனிக்கிழமை என் மகளின் பள்ளியில் விழா. நான் ஹேங்கருக்குப் போகவில்லை. அன்று அவர் குழாயின் உட்புறம் இன்னும் வழவழப்பாக இருக்கட்டும் என்று மெல்லிய ஒரு படலம் ஒட்டி முடித்துவிட்டார். அடுத்த வாரம் சோதனை ஓட்டம்.

அன்று காற்றில்லாத காலை. அக்கா தனியாக ஏறிப் போனார். நானும் அவர் கணவரும் ஓடுபாதை ஓரத்தில், கையில் ஒரு சின்ன ரேடியோவோடு நின்றோம். விமான நிலையத்துக்கு நேர் மேலே, என்ன ஆனாலும் சறுக்கிக்கொண்டே இறங்கிவிடக்கூடிய உயரத்தில், அவர் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ரேடியோவில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: நாலு சிலிண்டரும் ஒரே சூடு. கணவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். மனைவிமேல் பெருமை தாங்கவில்லை அவருக்கு.

கொஞ்ச நேரத்தில் மேலே சத்தம் மாறியது. சீராக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் தொண்டையில் ஏதோ சிக்கியது போலக் கரகரத்து, விட்டு விட்டு இருமி, பிறகு தேய்ந்துகொண்டே போனது. விமானத்துக்குப் பின்னால் கறுப்பாக மெல்லிய ஒரு கோடு.

"இன்ஜின் சரியில்லை. திரும்புகிறேன்." ரேடியோவில் அதே குரல். வாயைத் திறவுங்கோ, இப்ப கொப்பளியுங்கோ என்று சொல்வாரே, அந்தக் குரல்.

கணவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தது அவருக்கே தெரிந்திருக்காது. வானத்தில் சத்தமே இல்லாத ஒரு இடைவெளி. அது எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பிறகு இன்ஜின் ஒரு தரம் உதறிக்கொண்டு பிடித்தது. பழையபடி சீரான சத்தம். விமானம் அகலமாக ஒரு வட்டம் அடித்து, எந்த அவசரமும் இல்லாமல் வந்து இறங்கியது.

அக்கா இறங்கினார். கணவர் பக்கம் பார்த்து, "ஒண்டுமில்லையப்பா," என்றார். நெற்றியில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. நேராகத் திருப்புளியை எடுத்துக்கொண்டு மூக்குக்கு அடியில் குனிந்துவிட்டார். சூடு ஆறக்கூட விடவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு குழாயைக் கழற்றினார். கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு இரண்டையும் என்னிடம் கொடுத்தார்.

வளைவுக்குள், கடைசியாக ஒட்டிய அந்த மெல்லிய படலம் உரிந்து, ஒரு ஓரம் மட்டும் ஒட்டிக்கொண்டு, மடிந்து வழியை அடைத்துக் கிடந்தது. இன்ஜின் இழுத்த இழுப்பில் பிய்ந்து வந்திருக்கிறது. பிடியை இழுத்து அந்தச் சின்னக் கதவைத் திறந்ததால்தான் இன்ஜினுக்கு மறுபடி காற்றுக் கிடைத்திருக்கிறது.

"காய்ஞ்ச பிசினுக்கு மேல அடுத்த படலம் ஒட்டவேணுமெண்டால் உப்புத்தாளால தேய்ச்சுச் சொரசொரப்பாக்கவேணும்," என்றார் அக்கா. "வெளிப்பக்கம் தேய்ச்சனான். வளைவுக்குள்ள என்ர கை போகேல்லை. ஒரு குச்சியில தாளைச் சுத்தி விட்டுத் தேய்ச்சுப்போட்டு, போதும் எண்டு நினைச்சனான்." திருப்புளியைக் கீழே வைத்தார். "பட்டமளிப்புக்குப் போகவேணுமெண்டு அவசரப்பட்டனான். வேற காரணம் இல்லை."

என் கை போயிருக்குமே என்று என் மனம் ஓடியதை முகத்தில் படித்திருக்க வேண்டும். "அது உங்கட கணக்கில வராது," என்றார். "அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திருந்தால் நீங்கள் இருந்திருப்பீங்கள். பொறுக்காதது நான்."

கணவர் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினார். "நீர் இனிப் பறக்க வேண்டாம்," என்றார்.

அக்கா வாதாடவில்லை. தேநீரை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்த மனிதர் ஓடுபாதையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தக் கதவை ஏன் வைச்சனீர்?"

"நான் பிழை விடுவன் எண்டு தெரியும். எங்க விடுவன் எண்டு தெரியாது."

பட்டமளிப்புக்குக் காரில் போனார்கள். "ஜஸ்ட் டிரைவ், அம்மா, ப்ளீஸ்," என்று மகளும் போனில் கெஞ்சியிருந்தாளாம்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த விமான நிலையத்தில் விமானம் கட்டுகிறவர்கள் எல்லாம் கூடி, பேன்கேக் சுட்டுச் சாப்பிடுவார்கள். அடுத்த கூட்டத்துக்கு அக்கா அந்தக் குழாயை நீளவாக்கில் அறுத்து இரண்டு பாதியாகக் கொண்டுவந்தார். நான் பதறினேன். "ஒரு பெண், அதுவும் பல் டாக்டர், இதெல்லாம் இவருக்கு எதற்கு?" என்று அவர்களில் சிலர் ஏற்கெனவே முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்கள். மறைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் காகிதத் தட்டுகளுக்கு நடுவே எழுந்து நின்று, எதைச் செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன், ஏன் விட்டேன் என்று மூன்றையும் சொன்னார். குழாயின் பாதிகள் கைமாறி மேசை மேசையாகப் போயின. முதலில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. குழாய் அந்த மேசையைத் தாண்டியதும் அதுவும் நின்றுவிட்டது.

பக்கத்து ஹேங்கர்க்காரர் அந்த உரிந்த படலத்தை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்தார். தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனார். நாங்கள் திரும்பி வரும்போது அவருடைய ஹேங்கர் திறந்திருந்தது. தன் விமானத்தில் பல வருடத்துக்கு முன் தானே செய்து மாட்டிய காற்றுக் குழாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"டாக், அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கொண்டு வர்றீங்களா?"

அக்கா உள்ளே பார்த்தார். பிறகு அவரையும் பார்க்கச் சொன்னார். ஒரு ஓரத்தில் காசு அகலத்துக்குப் படலம் எழும்பியிருந்தது. அந்தப் பெரிய மனிதர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த விமானத்தில் வாரா வாரம் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர் அவர். அக்கா அவர் தோளைத் தட்டிவிட்டு வந்தார். அந்தக் கதவு வீண் எடை என்று முன்பு அவர் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எடுக்கவில்லை.

இப்போது நாங்கள் ஜெர்சி சிட்டிக்கு வந்துவிட்டோம். என் வேலையில் ஏதாவது தவறிவிட்டால், அதை எப்படிப் பூசி மெழுகலாம் என்றுதான் புத்தி முதலில் ஓடுகிறது. உடனே அந்தக் குழாயின் இரண்டு பாதிகள் மேசை மேசையாகப் போவது கண்ணில் வரும். அக்கா மாதிரி எழுந்து நிற்க இன்றுவரை எனக்கு முடிந்ததில்லை. அப்படி ஒருவரை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்பதே எனக்குப் பெரிதாக இருக்கிறது.

டெக்ஸாஸில் இருந்த அந்த வருடக் கோடையிலேயே புதிய குழாயைச் செய்தோம். இந்தத் தடவை உள்ளே தேய்த்தது நான். முழங்கைவரை விட்டு, அரிப்பும் எரிச்சலுமாக, அவர் கண்ணாடியில் பார்த்துப் போதும் என்று சொல்லும்வரை தேய்த்தேன். அவர் லேசில் சொல்லவில்லை. பிறகு தனியாகப் பறந்து காட்டுகிற நேரத்தையும் முடித்தார். கணவரிடம் அவர் ஒரு தரமும் வா என்று கேட்கவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை நான் போனபோது கணவர் வழக்கமான நாற்காலியில் இல்லை. விமானத்தின் பக்கத்தில், கையில் அந்தச் சின்னப் பையோடு நின்றார். அதற்குமுன் நான் அவரை அந்த இறக்கைக்கு அவ்வளவு கிட்டப் பார்த்ததே இல்லை.

"மகளைப் பாத்திட்டு வருவம் எண்டு," என்றார் என்னிடம்.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னிக்கு அதைப் பாத்தப்புறமும் எப்படிண்ணா ஏறுறீங்க?"

"அதைப் பாத்தபடியால்தான் ஏறுறன், பிள்ளை. பிழையே விடமாட்டன் எண்டு சொல்லுற ஆளோட நான் எந்தக் காலத்திலும் ஏறியிருக்கமாட்டன்."

அக்கா அவரைக் கைபிடித்து இறக்கைமேல் ஏற்றினார். எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று சொன்னார். உட்கார வைத்து, வாரைத் தானே இறுக்கிக் கட்டிவிட்டு மறுபக்கம் ஏறி அமர்ந்தார். மேல்மூடி இன்னும் திறந்திருந்தது. நான் இறக்கை ஓரத்தில் நின்றிருந்ததால் இருவரும் பேசியது கேட்டது.

"பயமா இருக்கோ?"

"ஓம்," என்றார் கணவர்.

"எனக்கும்தான்," என்றார் அக்கா. "ஒவ்வொரு முறையும்."

கணவர் திரும்பி அவரைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அதை முதல்தரம் கேட்கிறார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. எனக்கும் அதுதான் முதல்தரம். அக்கா கையை நீட்டி மேல்மூடியை இழுத்து மூடினார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிச் சைகை காட்டினார். விமானம் ஓடுபாதையின் கோடிக்குப் போய்த் திரும்பி, என்னைத் தாண்டி ஓடி, எழுந்து, தெற்கே ஆஸ்டின் பக்கம் போனது. கணவர் கண்ணை மூடியிருக்கவில்லை. தாண்டிப் போகும்போது நான் நன்றாகப் பார்த்தேன்.